இருவர் இருந்தால் நூறு சதவீதம்

மிக்கி மவுஸ் படம் போட்ட கப்பலில், குழந்தை இல்லாத ஒரு கணவன் மனைவிக்கு என்ன வேலை?

கேள்வி நியாயமானதுதான். டிஸ்னி நிறுவனம் 1998-ல் 'டிஸ்னி மேஜிக்' என்ற தன் முதல் உல்லாசக் கப்பலைக் கடலில் விட்டது. அன்றிலிருந்து டிஸ்னி கப்பல் என்றாலே அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் கை கோத்துக்கொண்டு நிற்கும் படம்தான் மனதில் வரும். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கப்பல், ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு கப்பல் என்று வேறு எத்தனையோ இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு இருவர் மட்டும் போய் இதில் ஏறுவானேன்?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி 2018 ஜூனில் இப்படித்தான் ஏறினார்கள். பெயர் முக்கியமில்லை. கணவர் ஒரு கம்பெனியில் கணக்காளர். மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அதில் ஆறு வருடம் குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். 2017-ல் ஒருநாள் இரவு இருவரும் உட்கார்ந்து பேசி, "போதும், இனிமேல் வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். சண்டை இல்லை, அழுகை கூட அதிகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே போவது, என்ன செய்வது என்ற திட்டம் எதுவும் வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

கப்பல் யோசனை மனைவியுடையது. சின்ன வயதில் வீடியோ கேசட்டில் டிஸ்னி படங்களைத் தேயத் தேயப் பார்த்தவர் அவர். கணவருக்குப் பயம். ஆயிரம் குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் நான்கு இரவு இருந்தால் மனைவியின் மனசு என்ன பாடுபடும் என்ற பயம். அதை வெளியே சொல்லாமல், "வருஷம் முழுக்க முப்பது குழந்தைகளோடு இருக்கிறாய். லீவிலுமா?" என்று மட்டும் கேட்டார்.

"அங்கே நான் யாருக்கும் மார்க் போட வேண்டாமே!" என்றார் மனைவி.

அவ்வளவுதான், டிக்கெட் போட்டாயிற்று. அந்த நான்கு இரவுப் பயணத்தின் முக்கியமான கட்டங்கள்தான் இந்தக் கட்டுரை.

வாசலில் ஒரு அறிவிப்பு

அவர்கள் ஏறிய கப்பல் 'டிஸ்னி ட்ரீம்'. 2011 ஜனவரியில் முதல் பயணம் போனது. நீளம் சுமார் 340 மீட்டர். மொத்தக் கொள்ளளவு (கிராஸ் டன்னேஜ்) ஏறக்குறைய 1,30,000. 1,250 அறைகள். அடேங்கப்பா, ஒரு சின்ன ஊரையே தூக்கிக் கடலில் வைத்த மாதிரி! அந்த வருடங்களில் இது பிளோரிடாவில் உள்ள போர்ட் கனாவரல் துறைமுகத்தில் இருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்வந்து கொண்டிருந்தது. துறைமுகம் ஓர்லாண்டோவில் இருந்து காரில் ஒரு மணி நேரம். ராக்கெட் விடும் கென்னடி விண்வெளி மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தக் கப்பலில் ஏறும்போது ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கால் வைக்கும் இடத்தில் ஒரு ஊழியர் மைக்கோடு நிற்பார். வருகிறவர்களின் குடும்பப் பெயரைக் கேட்டுக்கொண்டு, "டிஸ்னி ட்ரீம் இன்னார் குடும்பத்தை வரவேற்கிறது" என்று சத்தமாக அறிவிப்பார். வரிசையாக நிற்கும் மற்ற ஊழியர்கள் கை தட்டுவார்கள். மூன்று தளம் உயரமுள்ள நடுக்கூடம் அது. நடுவில் டொனால்ட் டக் கப்பல் தளபதி உடையில் வெண்கலச் சிலையாக நிற்கும்.

இவர்களுக்கு முன்னால் போனது பாட்டி, தாத்தா, பேரன் பேத்திகள் என்று பதினோரு பேர். கைதட்டல் காதைப் பிளந்தது. அடுத்து இவர்கள் முறை. கணவர் பெயரைச் சொல்லிவிட்டு, "நாங்கள் இரண்டு பேர்தான்" என்று அவராகவே ஒரு விளக்கமும் சேர்த்தார். மைக் வைத்திருந்தவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அதே குரல், அதே சத்தம்: இன்னார் குடும்பத்தை வரவேற்கிறது! அதே கைதட்டல்.

பன்னிரண்டு வருடத்தில் அவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. கல்யாணப் பத்திரிகை, பிறந்தநாள் அழைப்பு எல்லாவற்றிலும் 'திரு, திருமதி' என்றுதான் இருக்கும். பிள்ளை பெற்ற நண்பர்களுக்கு மட்டும் 'குடும்பத்தார்' என்று எழுதி வரும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. லிப்ட் வரை கணவரின் கையைப் பிடித்தபடியே நடந்தார்.

மடித்து வைத்த படுக்கை

டிஸ்னி கப்பலின் அறை குடும்பத்துக்காக யோசித்துச் செய்யப்பட்டது. பெரும்பாலான அறைகளில் குளியலறை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் குளிக்கும் இடமும் கை கழுவும் தொட்டியும், இன்னொன்றில் கழிப்பறையும் இன்னொரு தொட்டியும். காலையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும் என்றால் இதன் அருமை தெரியும். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் கனமான திரைச்சீலை. பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் விளக்குப் போட்டுக்கொண்டு பேசலாம். சோபா இரவில் படுக்கையாகும். பல அறைகளில் கூரையில் இருந்து இன்னொரு படுக்கையை இறக்கிக்கொள்ளலாம்.

ஜன்னல் இல்லாத உள் அறைகளுக்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். சுவரில் வட்டமாக ஒரு திரை. கப்பலுக்கு வெளியே வைத்த கேமரா காட்டும் கடல் அதில் நேரடியாகத் தெரியும். அவ்வப்போது கார்ட்டூன் பாத்திரம் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கப்பல்களில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது டிஸ்னி ட்ரீமில்தான். இவர்கள் சிக்கனமாக எடுத்திருந்ததும் அப்படி ஒரு உள் அறைதான்.

முதல் நாள் மாலை அறைப் பணியாளர் வந்து, "சோபாவைப் படுக்கையாக்கட்டுமா?" என்று கேட்டார். எல்லா அறையிலும் கேட்கிற கேள்வி. "வேண்டாம், சோபாவாகவே இருக்கட்டும்" என்றார் மனைவி. பணியாளர் சிரித்துக்கொண்டே துண்டில் ஒரு யானை செய்து சோபாவில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நான்கு நாளும் அந்த சோபா அவர்களுடைய காபி மேடையாக, புத்தகம் படிக்கும் இடமாக, ஈரத் துண்டு போடும் இடமாக இருந்தது. காலியாக இருக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி

கப்பல் கிளம்பும்போது ஹாரன் அடிக்கும் பாருங்கள், அது சாதாரண ஹாரன் இல்லை. 1940-ல் வந்த 'பினோக்கியோ' படத்தின் பாட்டில் முதல் சில சுரங்களை அப்படியே ஊதும். துறைமுகக் கரையில் நிற்கிறவர்கள் கூடக் கை காட்டுவார்கள்.

டிஸ்னியின் இன்னொரு கண்டுபிடிப்பு சாப்பாட்டு முறை. மூன்று பெரிய உணவகங்கள். ஒவ்வொரு இரவும் பயணிகள் ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறுவார்கள். அதில் விசேஷம் என்ன தெரியுமா? பரிமாறுகிற ஊழியர்களும் கூடவே மாறி வருவார்கள். முதல் இரவு தண்ணீரில் ஐஸ் வேண்டாம் என்று சொன்னால் போதும். கடைசி இரவு வரைக்கும் யாரிடமும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் நான்கு வேளையும் நமக்கே பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி.

'அனிமேட்டர்ஸ் பேலட்' என்ற உணவகத்தில் சுவரெல்லாம் திரைகள். 'ஃபைண்டிங் நீமோ' படத்து ஆமை க்ரஷ் அதில் நீந்தி வந்து, ஒவ்வொரு மேசையாகப் பேர் சொல்லிப் பேசும். பதிவு செய்த வசனம் இல்லை. கேட்கிற கேள்விக்கு உடனுக்குடன் பதில் வரும்.

இவர்களுடைய மேசையில் இன்னொரு தம்பதியும் இருந்தார்கள். சூப் வருவதற்குள் அந்த அம்மாள் சகஜமாகக் கேட்டுவிட்டார்: "உங்கள் பிள்ளைகளையும் கிளப்பில் விட்டுவிட்டீர்களா?"

கணவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பயந்தது இதற்குத்தான். ஆனால் மனைவி சாதாரணமாக, "இல்லை, எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆமையைப் பார்க்க வந்தோம்" என்றார். அந்த அம்மாள் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "நாங்களும் உண்மையில் அதற்குத்தான் வந்தோம். பிள்ளைகள் ஒரு சாக்கு!"

கேள்வி வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அறைக்குத் திரும்பிய பிறகு அன்றிரவு மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் சுவரில் தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அழாமல் பதில் சொல்ல முடியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

பெரியவர்களுக்கு ஒரு பாதி

இந்தக் கப்பலில் குழந்தைகளுக்கு என்று ஒரு தளத்தில் பெரிய கிளப் இருக்கிறது. அந்த வருடம் 3 முதல் 12 வயது வரை அதில் விடலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, டிக்கெட்டிலேயே அடக்கம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் மணிக் கணக்கில் கட்டணம் வாங்கும் காப்பகம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வேறு இடங்கள்.

வணிகவியல் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். குழந்தைகளை இலவசமாகப் பார்த்துக்கொள்வதால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? பெற்றோர்களுக்கு நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? அதற்காகத்தான் கப்பலில் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு பாதியையே கட்டி வைத்திருக்கிறார்கள். 'கொயட் கோவ்' என்ற நீச்சல் குளம். அதன் பக்கத்திலேயே காபிக் கடை. இரவில் 'தி டிஸ்ட்ரிக்ட்' என்ற பகுதி. அங்கே 'ஸ்கைலைன்' என்ற பாரில் ஜன்னல் போன்ற திரைகளில் பாரிஸ், நியூயார்க் என்று நகரம் மாறிக்கொண்டே இருக்கும். குளிர்பானம் சாப்பாட்டோடு இலவசம், மதுவுக்குக் காசு. கணக்கு புரிகிறதா :-)

ஒரு விஷயத்தில் மட்டும் டிஸ்னி வருமானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. மற்ற பல பெரிய உல்லாசக் கப்பல்களில் சூதாட்டக் கூடம் இருக்கும். டிஸ்னி கப்பல்களில் கிடையாது. குடும்பக் கப்பல் என்ற பெயரைக் காப்பாற்ற அது தேவை. டிக்கெட் விலையும் மற்றவர்களைவிடப் பொதுவாக அதிகம்தான்.

பெரியவர்களுக்கான இந்த இடங்கள் பெற்றோர்களை மனதில் வைத்துக் கட்டியவை. ஆனால் வாசலில் யாரும் "உங்கள் குழந்தை எங்கே?" என்று கேட்டு உள்ளே விடுவதில்லை. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். இருவர் மட்டும் வருகிறவர்களுக்குக் கப்பலின் இரண்டு பாதியும் சொந்தம். காலையில் கார்ட்டூன் பாத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம், மத்தியானம் சத்தமே இல்லாத குளத்தில் மிதக்கலாம். பெற்றோர்களுக்குக் கூட இந்த வசதி பாதிதான். எந்த நேரமும் கிளப்பில் இருந்து அழைப்பு வரலாமே!

நஸ்ஸாவும் வாணவேடிக்கையும்

இரண்டாம் நாள் பஹாமாஸின் தலைநகரம் நஸ்ஸா. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் இந்த மாதிரிக் கப்பல்கள் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். 1886-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் காரணம். டிஸ்னி கப்பல்கள் பஹாமாஸ் கொடியோடு ஓடுகிறவை. வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல் அமெரிக்காவுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். 130 வருடத்துக்கு முந்தின சட்டம் இன்றைய விடுமுறையின் பாதையை முடிவு செய்கிறது பாருங்கள்.

நஸ்ஸாவில் அமெரிக்க டாலரையே கொடுக்கலாம். பஹாமாஸ் டாலரும் அதுவும் ஒன்றுக்கு ஒன்று. இவர்கள் காலையில் இறங்கி 'ராணியின் படிக்கட்டு' என்ற இடத்துக்கு நடந்தே போனார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் கையால் வெட்டிச் செய்த படிகள் அவை. இன்று 65 படி இருக்கிறது. பின்னாளில் விக்டோரியா ராணியின் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. உல்லாசப் பயணத்துக்கு நடுவில் அந்தப் பாறைச் சுவருக்கு இடையே நின்றபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை.

மத்தியானமே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் ஊருக்குள் இருக்கும்போது கப்பலில் கூட்டம் குறைவு. 'அக்வாடக்' என்ற சறுக்கு விளையாட்டுக்கு வழக்கமாக நீண்ட வரிசை இருக்கும். கண்ணாடி போன்ற குழாயில் 765 அடி தூரம் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும். ஒரு இடத்தில் குழாய் கப்பலுக்கு வெளியே நீண்டு, கீழே கடல்தான் தெரியும். மிதவையில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். நான்கு பேராக வந்தவர்கள் யார் யாரோடு போவது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அன்று ஐந்து முறை சறுக்கினார்கள்.

இரவு கடற்கொள்ளையர் விருந்து. பயணிகள் எல்லாம் தலையில் துணி கட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு வருவார்கள். நடுக்கடலில் வாணவேடிக்கை நடக்கும். வெளிச்சமே இல்லாத கடலில் வாணம் வெடிப்பது கரையில் பார்ப்பது போல இல்லை. வானத்தில் ஒன்று, தண்ணீரில் ஒன்று என்று இரண்டாகத் தெரியும்.

கூட்டத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவியின் விரலை ஒரு சின்னக் கை பிடித்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை. வாணத்தையே பார்த்தபடி, பக்கத்தில் நிற்பது அம்மா என்று நினைத்துப் பிடித்துவிட்டது. மனைவி கையை எடுக்கவில்லை. மூன்று வாணம் வெடித்தது. பிறகு குழந்தை நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, "ஐயோ!" என்று வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்ற தன் அம்மாவிடம் ஓடியது. அந்த அம்மா மன்னிப்புக் கேட்பது போலக் கை காட்டினார். மனைவியும் கை காட்டினார். கணவர் இதைப் பார்த்தார். "பார்த்தேன்" என்று மறுநாள்தான் சொன்னார்.

தீவில் ஒரு நாள்

மூன்றாம் நாள் 'காஸ்ட்அவே கே'. டிஸ்னி 1997-ல் பஹாமாஸ் அரசிடம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தீவு. பழைய பெயர் கோர்டா கே. சுமார் 1,000 ஏக்கரில் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான் கட்டடங்கள். கப்பல் நேராகவே தீவின் துறையில் வந்து நிற்கும். படகு மாற வேண்டியதில்லை.

காலையிலேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்துவார்கள். கட்டணம் கிடையாது. முடித்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பதக்கம். கணவர் ஓடினார், மனைவி நடந்தார். பதக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பாதை ஒரு பழைய விமான ஓடுபாதையின் மேல் போகும். ஒரு காலத்தில் போதைப்பொருள் கடத்துபவர்கள் இறங்கிய இடம் அது. இப்போது அதே பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சின்ன டிராம் வண்டி ஓடுகிறது. அதன் கடைசியில் 'செரினிட்டி பே' கடற்கரை, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வெள்ளை மணல், முழங்கால் ஆழத்துக்குத் தெளிவான தண்ணீர், சுடச்சுட வாட்டிய இறைச்சி. காற்றின் சத்தம் தவிர எதுவும் கேட்காது.

ஒரு மணி நேரம் ஆனது. மனைவி எழுந்து, "இங்கே ரொம்ப அமைதி. குழந்தைகள் பக்கம் போகலாமா?" என்றார்.

கணவர் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். போனார்கள். அங்கே ஒரே கூச்சல், மணல் கோட்டை, ஐஸ்கிரீம் வழியும் கைகள். மனைவி தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒதுங்கி ஓட வேண்டிய இடமாக அது அவருக்கு இனி இல்லை. போகும் வழியில் தீவின் தபால் நிலையத்தில் பஹாமாஸ் தபால்தலை ஒட்டி, தங்கள் வீட்டு முகவரிக்கே ஒரு கார்டு போட்டார்கள்.

கணக்காளர் சொன்ன கணக்கு

நான்காம் நாள் முழுக்கக் கடல்தான். அன்று இரவு 'பாலோ' என்ற இத்தாலிய உணவகத்தில் இடம் எடுத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு மட்டும், தனிக் கட்டணம். கடைசியில் வரும் சாக்லேட் சூஃப்லேக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு.

அங்கேதான் கணவர் தன் தொழில் சம்பந்தமாக ஒரு செய்தி சொன்னார். உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் 'நிரம்பிய விகிதம்' என்று ஒரு கணக்கு வரும். ஒரு அறையில் நான்கு பேர் படுக்க இடம் இருந்தாலும், கணக்கில் ஒரு அறைக்கு இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருந்தால் அது நூறு சதவீதம். டிக்கெட் விலையையும் அப்படித்தான் போடுவார்கள், இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு இவ்வளவு என்று. மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் விலை குறைவு. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் காசையே கொடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் அறிக்கையில் இந்த விகிதம் நூறையும் தாண்டி 105, 106 என்று இருக்கும். முதலில் பார்க்கிறவர்களுக்கு அச்சுப்பிழை மாதிரித் தெரியும்.

மேசைத் துணியில் விரலாலேயே எழுதிக் காட்டினார். டிஸ்னி ட்ரீமில் 1,250 அறை. அறைக்கு இரண்டு பேர் என்றால் 2,500. அதுதான் நூறு சதவீதம். அதிகபட்சமாக 4,000 பேர் வரை ஏறலாம். அது 160 சதவீதம்.

"அப்படியென்றால் நம் அறை?" என்று கேட்டார் மனைவி.

"நிரம்பிவிட்டது. நூறு சதவீதம்."

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருஷமாக நாம் ஐம்பது சதவீதம், அறுபது சதவீதம் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்" என்றார். கணவர் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சூஃப்லே வந்தது, ஆறிப்போனது. ஆறிய பிறகும் நன்றாகத்தான் இருந்தது.

போக நினைக்கிறவர்களுக்கு

இருவராக இப்படி ஒரு கப்பலில் போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். குழந்தைகள் குறைவாக இருக்க வேண்டும் என்றால் பள்ளி நாட்களில் போங்கள், விலையும் குறையும். மேசையில் தனியாக உட்கார விருப்பம் என்றால் டிக்கெட் போடும்போதே இருவர் மேசை கேளுங்கள். 'பாலோ' போன்ற இடங்களுக்கு முன்பதிவு சீக்கிரம் முடிந்துவிடும். ஊழியர்களுக்கான அன்பளிப்பு டிக்கெட் விலையில் சேராது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கப்பல்களின் பாதையும் மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்னி ட்ரீமே 2018-க்குப் பிறகு வேறு துறைமுகங்களில் இருந்தும் ஓடியிருக்கிறது. அதனால் விசாரித்துப் பதிவு செய்யுங்கள்.

இந்தத் தம்பதிக்குக் கப்பல் ஒன்றும் அதிசயம் செய்துவிடவில்லை. குழந்தை இல்லை என்ற வருத்தம் நான்கு இரவில் கரைந்து போகிற வருத்தமும் இல்லை. குழந்தைகள் இருக்கும் இடங்களைக் கண்டு இத்தனை நாள் ஒதுங்கி ஒதுங்கிப் போனவர்கள், குழந்தைகளுக்காகவே கட்டிய இடத்தில் போய் நான்கு நாள் சிரித்துவிட்டு வந்தார்கள். அது பெரிய விஷயம்.

ஒரு வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால், "இன்னும் குடும்பம் ஆகவில்லையா?" என்று கேட்கிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கேட்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அடுத்த முறை அப்படிக் கேட்க வாய் வரும்போது கப்பல்காரர்களின் கணக்கைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் வந்தால் சந்தோஷம், அது நூறுக்கு மேலே. நூறு என்பது இரண்டு பேரிலேயே வந்துவிடுகிறது.